கோ. ஆறுமுகம் மனைவி

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது. நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் இற்றுப்போய், பின்பக்கம் சோற்றுப் பசை தடவி வேறு காகிதம் ஒட்டிய தாள். அதில் ‘மலைச்சாமி மனைவி’ என்று கறுப்பு மையில் எழுதி, மலைச்சாமியை மட்டும் சிவப்பு மையால் அடித்து, அதன் தலைக்கு மேல் நெருக்கி ‘கோ. ஆறுமுகம்’ என்று எழுதியிருக்கும். ஓரத்தில் ஓர் அதிகாரியின் சின்னக் கையெழுத்து. போன மாதம் என் மகனுடைய பழைய பள்ளிச் சான்றிதழைத் தேடி மருமகள் பெட்டியைக் கவிழ்த்தபோது இந்தத் தாள் அவள் கையில் அகப்பட்டது. “அத்தை, இந்தக் கோ-ன்னா கோவிந்தனா? தாத்தா பேரு அது இல்லையே?” என்றாள். என் மாமனார் கோவிந்தனும் இல்லை, கோபாலனும் இல்லை. அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் எங்கள் வகையறாவில் யாருக்கும் கிடையாது. “அப்புறம் சொல்றேன்” என்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய சங்கதியை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

அந்தத் தாளுக்கு உரியவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். ஊரார் முதலில் பர்மாக்காரி என்றார்கள், பிறகு பர்மாக்கா என்றார்கள். ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் அவள் வந்தாள். நான் கறம்பக்குடியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்து அப்போது நாலே மாதம். என் மூத்தார் பர்மாவில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அரிசி மில் மேஸ்திரியாக இருந்தார். அங்கேயே அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று இரண்டு வருஷத்துக்கு முன் கடிதம் போட்டிருந்தாராம். மாமியார் அந்தக் கடிதத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அந்தப் பெண் ஒருநாள் தானே நடந்து வந்து வாசலில் நிற்பாள் என்று யார் கண்டது?

விராலிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு மைல் வெயிலில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவள் கேட்டது ஒரே கேள்வி: “ஆறுமுகம் வீடு எங்கிட்டு?” ஆறுமுகச் சாமி மலைமேல் இருக்கும் ஊர்ப்பக்கத்தில் மூன்று வீட்டுக்கு ஓர் ஆறுமுகம் உண்டு. “எந்த ஆறுமுகம்மா?” என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு, “என் ஆறுமுகம்” என்றாளாம். இதை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவள் பேசியது மூத்தாரிடம் கற்ற தமிழ். இங்கிட்டு, அங்கிட்டு எல்லாம் சரியாக வரும், ராகம் மட்டும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் ஊர் ஆண்பிள்ளை ஒருவர் பாட்டாகப் பேசுவது போலிருக்கும். துறைமுகத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் மட்டும் கப்பலில் ஏற்றினார்களாம். மூத்தார் ஒரு துண்டுச் சீட்டில் ஊர்ப் பெயரை எழுதிக் கையில் கொடுத்து, “நீ ஊருல போயி இரு, நான் நடந்தாவது வந்துர்றேன்” என்றாராம். கப்பல் நகர்ந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நின்றவரை, அவர் ஒரு புள்ளியாகும் வரை பார்த்தாள். நான் கேட்டபோதெல்லாம் அவள் சொன்னது இவ்வளவுதான். வேறு எதையும் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள்.

வந்த புதிதில் அவளுக்கு ஒரு பழக்கம். வெயில் தாழ்ந்ததும் எங்கள் களத்து மேட்டில் போய் நின்று, மலை இருக்கும் திக்கைப் பார்த்து, “கோ ஆறுமுகம்!” என்று மூன்று தரம் கூப்பிடுவாள். கோ என்பது அவர்கள் நாட்டில் பெண்டாட்டி புருஷன் பெயருக்கு முன்னால் வைத்துக் கூப்பிடுவது. மரியாதையும் அதுதான், பிரியமும் அதுதான். கூப்பிட்டால் வருகிறவருக்கு வழி தெரியும் என்று அவர்கள் பக்கத்தில் நம்புவார்களோ, அல்லது அவளுக்கே தோன்றியதோ, நான் கேட்டதில்லை. மாமியாருக்கு உயிரே போய்விட்டது. “அடி ஆத்தாடி, புருசன் பேர இப்படித் தெருவுக்குக் கேக்கக் கத்துறாளே, எம் புள்ள எப்படிடீ வந்து சேரும்!” என்று மார்பில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவளைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. எட்டாவது படித்த மருமகள் அல்லவா நான்.

நானும் சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது. கொசுவம் வைப்பது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது, புருஷனைக் கூப்பிட வேண்டுமானால் ‘இந்தாங்க’ என்பது, கூட்டத்தில் என்றால் வளையலைக் குலுக்குவது. கடைசியாக அந்தப் பேச்சை எடுத்தேன். “பேர மட்டும் சொல்லக்கூடாதுக்கா. சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிரும்.” அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “இத்தன நாளு சொன்னேனே, அதுக்கு?” என்றாள். “தெரியாமச் சொன்னதுக்குக் கணக்கு இல்லக்கா” என்றேன், எமலோகத்துப் பேரேடு என் இடுப்பில் இருப்பது போல. அன்று சாயங்காலம் அவள் களத்து மேட்டுக்குப் போனாள். வெறுமனே நின்றுவிட்டு வந்தாள்.

ஏழு வருஷம் அப்படியே போனது. மூத்தார் வரவில்லை. அவரைப் பற்றிய சேதியும் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. மாமியார் காத்துக் காத்துக் கண்ணை மூடினார். அக்கா தாலியும் குங்குமமுமாக இருந்தாள். நாற்று நடவும் களை எடுக்கவும் எங்களைவிட நன்றாகவே செய்தாள், நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும். வளையல்காரரோ கோயில் குருக்களோ புருஷன் பெயரைக் கேட்டால் மலையைக் கையால் காட்டி, “அந்த மலைச் சாமி பேருதான்” என்பாள். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அது போதும். ஆறுமுகம் என்று உடனே புரிந்துகொள்வார்கள். எங்களில் ஒருத்தியாக அவள் எப்போது ஆனாள் என்று கேட்டால், அந்தக் கையைத்தான் சொல்வேன்.

இதற்குள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்விட்டது. ராஜா பிரஜைகளாகத் தூங்கி, இந்தியப் பிரஜைகளாக எழுந்தோம். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டுப் போடும் நாள் வரப்போகிறது, வீட்டுக்கு வீடு பெயர் எழுதுகிறார்கள் என்றார்கள். நான் அப்போது பிரசவத்துக்குக் கறம்பக்குடிக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போயிருந்தார். பெயர் எழுத வந்தவர் அன்றுதான் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து வாத்தியாராம், நல்ல மனுஷர், மோர் வாங்கிக் குடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பிறந்த ஊர் எது என்றதும் அக்கா மறைக்காமல் பர்மா என்றாள். புருஷன் பெயர் என்ன என்றதும் மலையைக் காட்டி, “மலைச் சாமி பேருங்க” என்றாள். அந்த மலையில் இருப்பது எந்தச் சாமி என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? மலைச்சாமி என்று இந்தச் சீமையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் கைக்குழந்தையோடு திரும்பி வந்த வாரம் நோட்டீஸ் வந்தது. பர்மாவில் பிறந்தவளும் மலைச்சாமி மனைவியுமான இன்னார், இந்த நாட்டிலேயே நிலையாக இருக்க விருப்பமானால், தன் காகிதங்களோடு புதுக்கோட்டைத் தாலுகா கச்சேரிக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அக்காவிடம் இருந்த ஒரே காகிதம் கப்பல் சீட்டு. அதில் ஆறுமுகத்தின் மனைவி என்று இங்கிலீஷில் அச்சடித்தாற்போல் எழுதியிருந்தது. இப்போது அவளுக்கு இரண்டு புருஷன். கிணற்றடியில் இது சிரிப்பாகத்தான் தொடங்கியது. இரண்டு நாளில் சிரிப்பு நின்றுபோனது. பர்மா இப்போது தனி நாடு, காகிதம் சரியில்லாதவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கடைவீதியிலிருந்து ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை.

கச்சேரிக்குப் போக இருபது நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் முன்னதாகவே போய், “எங்க அண்ணன்தாங்க, பேரு ஆறுமுகம், நான் எழுதித் தாரேன்” என்று சொல்லிப் பார்த்தார். முன்பே இரண்டு பெயர் இருப்பதால் சொந்தக்காரர் சொன்னது செல்லாது, அந்த அம்மாளே வந்து வாயால் சொல்லி ரேகை வைக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதும் அக்கா குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

தினமும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் அதிகாரி ஆவேன். பிறந்த ஊர்? சொல்வாள். தகப்பன் பெயர்? அந்த வாயில் நுழையாத பெயரையும் சொல்வாள். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய்? சொல்வாள். புருஷன் பெயர்? உதடு இறுகிவிடும். கை தன்னால் எழுந்து மலைப் பக்கம் போகும், பாதியில் அதை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பத்து நாள் இப்படிப் போன பிறகு எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “ஒரு தடவதானக்கா, சொல்லிருங்க. சாமி மன்னிச்சிரும்” என்றேன். அக்கா என்னை நேராகப் பார்த்தாள். “நீதான தங்கச்சி சொன்ன, ஆயுசு கொறையும்னு. அவரு எங்கிட்டோ நடந்து வந்துக்கிட்டு இருக்காரு. நான் இங்க ஒக்காந்துக்கிட்டு அவரு ஆயுச வெட்டவா?” என்றாள். சும்மா சொன்னேன் அக்கா, அதெல்லாம் பொய் என்று நான் சொல்லியிருக்கலாம். நா எழவில்லை, ஏனென்றால் நானும் அதை நம்பினேன். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். “சரி, நீ சொல்லு பாப்பம் ஒங்க வீட்டுக்காரரு பேர” என்றாள். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டு தொட்டிலை ஆட்டப் போய்விட்டேன். அதோடு ஒத்திகையை விட்டுவிட்டோம்.

அந்த நாளும் வந்தது. நானும் அக்காவும் என் வீட்டுக்காரரும் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில், வழியில் இரண்டு முறை இறங்கி ஏறி, புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. கச்சேரித் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது. எது அவள் வேர்வை, எது என் வேர்வை என்று தெரியவில்லை. உள்ளே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நெற்றியில் விபூதி, குரலில் களைப்பு. முதல் கேள்விகள் எல்லாம் நல்லபடியாக நடந்தன. இந்த நாட்டிலேயே இருக்கச் சம்மதமா என்றார். “சம்மதங்க” என்றாள். “புருஷன் பேர் சொல்லும்மா.” அக்கா தலை குனிந்தாள்.

“எனக்கும் வீட்டுல பொம்பளைங்க இருக்காங்கம்மா. புரியுது. ஆனா ரெண்டு பேரு இருக்கு காயிதத்துல. நீ சொன்னாத்தான் ஒண்ண அடிக்க முடியும்” என்றார் அவர். “எழுதித் தாரேங்க” என்றாள் அக்கா. தாளையும் பேனாவையும் கொடுத்தார். அவளுக்குத் தெரிந்தது அவர்கள் நாட்டு எழுத்து. வட்டம் வட்டமாக, அழகாக எழுதினாள். அதிகாரி தாளை நேராகப் பார்த்தார், கோணலாகப் பார்த்தார். “ஜிலேபி பிழிஞ்சாப்புல இருக்கு. நான் இத என்னன்னு பதியிறது?” என்றார். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். பிறகு பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து, விண்ணப்பதாரர் பதில் சொல்லவில்லை என்று எழுதப் போனார்.

அக்கா அந்தப் பேனாவைத்தான் பார்த்தாள். “எழுதிட்டா என்னைய அனுப்பிருவீங்களா?” என்றாள்.

“அது மேல இருக்கிறவங்க முடிவும்மா. என் கையில இல்ல.”

“அனுப்பிட்டா, அவரு நடந்து வந்து நிக்கயில வீட்டுல யாருங்க இருப்பா? இருன்னு சொல்லிட்டுல்ல போனாரு.”

அக்கா என் கையை விட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு வேப்பமரமும் கச்சேரி மதிலும்தான் இருந்தன. மலை இருந்தது இருபது மைலுக்கு அப்பால். இரண்டு கையையும் வாயருகில் குவித்து, களத்து மேட்டில் நின்று கூப்பிட்ட அதே குரலில், “கோ ஆறுமுகம்!” என்றாள். தாழ்வாரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி மட்டும் தன் வேலையைப் பார்த்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து மலைச்சாமியை அடித்தார். “கோ. ஆறுமுகம். இனிஷியலோட சொல்லியிருக்கே, அத முன்னாலயே சொல்லப்படாதா?” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அது இனிஷியல் இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்னொரு தரம் பெயரில் கைவைத்தால் என்ன ஆகுமோ என்று ரேகையை வைத்துவிட்டு, அதேபோல் அடித்துத் திருத்திய நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். அக்கா இந்த நாட்டுக்காரி ஆனாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான மாதங்கள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அக்கா அடுக்களைக்குள் போய்விடுவாள். புதிதாக ஒரு ஆள் வரப்பில் நடந்து வந்தால் அவள் முகம் வெளுத்துவிடும். யாரை எதிர்பார்த்து ஏழு வருஷம் வழியைப் பார்த்தாளோ, அந்த வழியைப் பார்க்கவே இப்போது பயந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பேரைச் சொல்லாதே என்று பூட்டியவள் நான், சொல்லிவிடு என்று கெஞ்சியவளும் நான். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதில் என் பங்கு என்ன என்று நினைத்து நினைத்து எனக்குப் பால் வற்றிப்போனது.

வரக்கூடாது என்று பயந்த ஆள் ஒரு காலைவேளையில் வந்தார். திருக்கோகர்ணத்துக்காரர். பர்மாவில் சண்டை முடிந்தும் அங்கேயே மாட்டிக்கொண்டு, அப்போதுதான் ஊர் திரும்பியவர். தண்ணீர்கூட வாங்காமல் நின்றபடியே சொன்னார். குண்டு விழுந்த அதே வருஷம், மலைப்பாதையில் இருவரும் ஒன்றாக நடந்தார்களாம். சித்திரைக் கடைசியில் மூத்தாருக்கு வாந்திபேதி கண்டது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. “நாந்தான் தாயீ குழி வெட்டுனேன். ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு” என்றார். தன்னால் மேலே நடக்க முடியாமல் பர்மாவுக்கே திரும்பியதையும் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் மனம் எவ்வளவு ஈனமானது என்று அன்று பார்த்தேன். அழுகைக்கு முன்னால் எனக்குள் ஓடியது கணக்கு. செத்து ஏழு வருஷம். அக்கா பெயரைச் சொல்லி இரண்டு மாதம். அப்படியானால் சொன்னதால் சாகவில்லை! ஓடிப்போய் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னதால இல்லக்கா, அவுக அப்பவே போயிட்டாக, ஒங்க மேல ஒண்ணும் இல்ல, ஒங்க மேல ஒண்ணுமே இல்ல” என்று பிதற்றினேன். அவள் கோபமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“அப்ப, இந்த ஏழு வருசமும் நான் கூப்பிட்டிருக்கலாமே, தங்கச்சி?”

அக்கா எங்களோடுதான் இருந்தாள், என் பிள்ளையை வளர்த்தாள், எங்கள் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். முதன்முதலாக ஓட்டுப் போட்ட அன்று, எங்கள் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் புருஷன் பெயரைக் கேட்டதும் பக்கத்து ஆளைப் பார்த்தோம், முந்தானைக்குள் முனகினோம். அவள் மட்டும் நிமிர்ந்து நின்று, “கோ ஆறுமுகம்” என்றாள். அந்த வாரமே நான் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, வரப்பின் இந்தக் கடைசியில் நின்று, இந்தாங்க என்பதற்குப் பதிலாக என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திடுக்கிட்டு, யார் கூப்பிட்டது என்று நாலு பக்கமும் பார்த்தார். ஊருக்குத் தெரியாமல் அப்புறமும் கூப்பிட்டேன். அவர் இருந்தவரைக்கும் கூப்பிட்டேன்.

பால் இறக்கி வைத்தபிறகு மருமகள் மறுபடியும் தாளோடு வந்து நின்றாள். “இப்பச் சொல்லுங்க அத்தை. கோ-ன்னா யாரு?” இவ்வளவையும் சொன்னேன். “அது இனிஷியல் இல்லம்மா. அது கூப்பிடுறது” என்றேன். அவள் தாளைத் தன் புருஷனுக்குக் காட்ட வேண்டுமென்று, உள்ளறையிலிருந்த என் மகனை, தெருவுக்குக் கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“இந்தா வாரேன்” என்று அவன் எழுந்து வந்தான்.